பதின்மூன்றாம் நிலை

எங்கள் கோயிலுக்குப் புதிய சிலுவைப்பாதைப் படங்கள் வரைந்திருக்கிறேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளின் மனதிலும் ஒட்டவேண்டும் என்று இயேசுவுக்கும் மாதாவுக்கும் எங்கள் வன்னிச் சனத்தின் முகம் கொடுத்தேன்.

இன்று பரந்தனில் பஸ்ஸுக்கு நின்றபோது, எங்கள் பங்கைச் சேர்ந்த ஓர் அக்காவுக்கு அவற்றைப் போனில் காட்டினேன்.

"மாதா எங்கடை ஆள் மாதிரியே இருக்கிறா," என்று சிரித்தார்.

பதின்மூன்றாம் நிலையில் அவருடைய விரல் நின்றுவிட்டது. சிலுவையிலிருந்து இறக்கிய மகனை மாதா மடியில் ஏந்தியிருக்கும் படம்.

"இவாவிட்டையாவது மகனைக் குடுத்திட்டாங்கள், என்ன?"

சண்டை முடிந்தபோது விசாரணைக்கென்று ஆமி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டுபோன அவருடைய மகன் இன்னும் வரவில்லை.

போனைத் திருப்பித் தந்தார். "வடிவாத்தான் கீறியிருக்கிறீர் தம்பி."

நேற்று நான் இங்கே பதிந்த இந்தப் படங்களுக்கு லைக் போட்டவர்கள் யாராவது சொல்லுங்கோ: வெறும் மடியை எப்படிக் கீறுவது?