மீன் தின்னாத மீன்கொத்தி

ஜவாஹிறா நூலை வெயிலுக்கு நேரே பிடித்துக் கண்ணைச் சுருக்குவாள். "இது அந்த நீலமில்ல" என்று பிஸ்கட் டின்னுக்குள் போட்டுவிட்டு அடுத்ததை எடுப்பாள். சரியான நீலம் கிடைக்கும்வரை சோறு பொங்கி வழிந்தாலும் அவளுக்குக் கவலையில்லை.

கொழும்பு மாளிகாவத்தை வீட்டில் அவள் தைத்துவரும் வெள்ளைக் கட்டில் விரிப்பு முழுவதும் மீன்கொத்திகள். கணவர் மஷூர் கப்பலில் சமையற்காரர். கலியாணமான புதிதில், வெள்ளவத்தைக் கால்வாயில் கண்ட நீலக் குருவியைத் தைத்துக் காட்டி, "மீன்கொத்தியெண்டா இதுதான்" என்று பெருமையடித்தாள். அடுத்த பயணம் முடிந்து வந்தவர், எகிப்தின் போர்ட் சைட் துறைமுகத்தில் கறுப்பும் வெள்ளையுமாய் ஒன்று அந்தரத்தில் நின்று பாய்கிறது என்றார். விடுவாளா? அன்றிலிருந்து ஒவ்வொரு துறைமுகத்திலிருந்தும் அவளுக்குச் சீலை வந்ததோ இல்லையோ, ஒரு மீன்கொத்தி வந்தது. பினாங்கிலிருந்து கழுத்தில் வெள்ளைப் பட்டியுள்ளது, மொம்பாசாவிலிருந்து கைக்குள் அடங்குகிற கொண்டைக்காரி. லண்டனில் மட்டும் அதே வெள்ளவத்தைக் குருவிதானாம். அதைக் கேட்டு அவளுக்கு அப்படியொரு சந்தோஷம். வாய்வார்த்தையை மட்டும் கேட்டு இவ்வளவு உயிரோடு தைக்க எப்படித்தான் முடிகிறதோ!

சிட்னிக் குருவியில்தான் சண்டை மூண்டது. அது மனிதனைப் போலச் சிரிக்குமாம், பாம்பு தின்னுமாம், மீன் பக்கமே போகாதாம்.

"மீன் தின்னாத மீன்கொத்தியா? பொய் செல்றத்துக்கும் ஒரு அளவு ஈக்கணும்!"

"நான் கண்ணால கண்ட, ஜவாஹிறா."

வீம்புக்கு அதன் அலகில் ஒரு மீனைத் தைத்து அவர் முன்னால் விரித்தாள். மஷூரின் முகம் வாடிப் போயிற்று. மறுநாள் கப்பலேறிவிட்டார்.

பிறகு ஜப்பான்காரன் யுத்தத்தில் இறங்கினான். மஷூரின் கப்பலைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. துறைமுகத்தில் குண்டு விழுந்து தெருவே காலியானபோதும் அவள் அசையவில்லை. "அவர் வந்து கதவத் தட்டினா யாரு தொறக்கிற?" என்றாள்.

நேற்றுப் பக்கத்து வீட்டு லுத்பியா விரிப்பைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "எல்லாம் முடிஞ்சிட்டே ராத்தா, மடிச்சுப் பெட்டீல வைங்களேன்."

"இன்னம் முடியல்ல."

ஜவாஹிறா கத்தரிக்கோலை எடுத்தாள். சிட்னிக் குருவியின் அலகிலிருந்த மீனைத் தையல் தையலாக வெட்டிப் பிரித்தாள். பிறகு நூல் டின்னைத் திறந்து, பச்சையைத் தொட்டாள், மண்ணிறத்தைத் தொட்டாள், எதையும் எடுக்கவில்லை.

"அந்தப் பாம்பு என்ன நெறமெண்டு கேக்காமலே விட்டுட்டேன். வந்தொடன கேக்கணும்."

டின்னை மூடிவிட்டு, நூல் கோக்காத ஊசியை அந்த வெற்று அலகின் அருகே குத்தி வைத்தாள்.