காதர் கரடியின் கதை சொன்ன ஜமீலா லாத்தா

ஜமீலா லாத்தா மௌத்தாகிவிட்டார். காலையில் ஊரிலிருந்து தங்கச்சி போன் பண்ணிச் சொன்னாள். தூக்கத்திலேயே போய்விட்டாராம்...

உங்களில் பலருக்கு அவரைத் தெரியாது. சின்ன வயதில் பெரியபட்டினத்தில் நாங்கள் டிவியில் என்ன பார்த்தோம் என்று ஒரு டாக்குமெண்டரி எடுக்கிறேன், இங்கே அடிக்கடி புலம்புவேனே... அந்தப் படத்தில் பாதி லாத்தாதான்.

சொந்த அக்கா இல்லை. பக்கத்து வீடு. எங்கள் தெருவில் எல்லாருக்கும் அவர் லாத்தா.

தெருவிலேயே முதல் கலர் டிவி அவர் வீட்டில்தான் வந்தது, அவர் கணவர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. நம் ஊர் சேனல் புள்ளி புள்ளியாக வரும். கடலுக்கு அந்தப் பக்கத்து சிலோன் டிவியோ பளிச்சென்று வரும்.

அதில் வாரத்துக்கு ஒரு நாள் ஒரு கார்ட்டூன். ஏதோ ஒரு ஐரோப்பிய நாட்டில் எடுத்தது, சிங்களத்தில் டப்பிங். கடற்கரையில் தனியாக நிற்கும் ஒரு கரடிக்குட்டி... எங்களுக்கு ஒரு வார்த்தை புரியாது.

லாத்தா கொழும்பில் பிறந்தவர். அதனால் அவர்தான் எங்களுக்கு டிரான்ஸ்லேட்டர். வெங்காயம் உரித்துக்கொண்டே, டிவியை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே சொல்வார்.

"இந்தப் புள்ள பேரு காதரு. அவுக வாப்பா சவுதிக்குப் போயிருக்காரு. அதான் கடலப் பாத்துக்கிட்டே நிக்கிறான்."

முதல் வாரமே அப்பா கரடி படகிலிருந்து கடலில் விழும். நாங்கள் பதறிப்போனோம். "விழுகலடா, குதிக்கிறாரு. அங்கிட்டு பெரிய கப்பல் ஒண்ணு போகுது, அதப் பிடிக்க நீந்திப் போறாரு" என்றார். நம்பிவிட்டோம்.

என் வாப்பாவும் அப்போது சவுதியில் இருந்தார். போன புதிதில் கடிதம் வந்தது. அப்புறம் நின்றுவிட்டது. உம்மா யாரிடமும் பேசாமல் அடுப்படியிலேயே கிடப்பார்... எனக்கு அந்த வீட்டில் இருக்கவே பயமாக இருக்கும்.

கார்ட்டூன் முடிந்ததும் லாத்தாவைப் பிடித்துக்கொள்வேன். "காதரு வாப்பா எப்ப வருவாரு?"

"வாராரு, வாராரு. கப்பல் மெதுவாத்தானே வரும்."

பிறகு ஒரு நாள் தகவல் வந்தது. வேலை செய்த இடத்தில் விபத்து. வாப்பாவை அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள்.

சில வாரம் கழித்து நான் மறுபடி லாத்தா வீட்டுக்குப் போனபோது டிவி மேல் துணி போட்டு மூடியிருந்தது. "ஆன்டெனா கெட்டுப்போச்சுடா" என்றார். காதர் கதை அத்தோடு நின்றுபோனது.

போன வருஷம் டாக்குமெண்டரிக்காகத் தேடியதில் அந்த கார்ட்டூன் முழுசாக ஆன்லைனில் கிடைத்தது. இங்கிலீஷ் சப்டைட்டிலோடு பார்த்தேன். கதையே வேறு. அப்பா கரடி முதல் எபிசோடிலேயே செத்துப்போகிறது. சவுதியும் இல்லை, பெரிய கப்பலும் இல்லை.

கேமராவை எடுத்துக்கொண்டு நேரே ஊருக்குப் போனேன். லாத்தாவிடம் கேட்டேன்.

சிரித்துவிட்டார். "பால்குடி மறக்காத வயசுல என்னையக் கப்பல் ஏத்தி இங்கன கொண்டாந்துட்டாக. எனக்கு எங்கடா சிங்களம் தெரியும்? நீங்கதான் தெரியும்னு வந்து உக்காந்துக்கிட்டீக. இல்லேன்னா எந்திரிச்சுப் போயிருவீகளேன்னு..."

பிறகு அவரே சொன்னார். "ஆன்டெனா ஒண்ணும் கெடல தம்பி. உங்க வாப்பா செய்தி வந்தப்புறம் அந்தக் கதைய எப்படிச் சொல்றது? வருவாரு வருவாருன்னு வாய் ஓயாமச் சொன்னவ நானு. உன் மொகத்தப் பாக்கவே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

இத்தனை வருஷம் அதை மனசில் வைத்திருந்திருக்கிறார். எனக்குத் தெரியவே தெரியாது.

"இல்ல லாத்தா. அப்ப நான் பயப்படாம இருந்தது உங்க வீட்ல அந்த அரை மணி நேரம் மட்டுந்தான்" என்றேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

லேப்டாப்பில் மிச்சக் கதையைப் போட்டேன். கன்னத்தில் கை வைத்தபடி கடைசி வரை பார்த்தார். கரடிக்குட்டி காட்டில் மற்ற கரடிகளோடு சேர்ந்துகொள்கிறது, அவ்வளவுதான் முடிவு.

"சவுண்ட கொற" என்றார். குறைத்தேன். கடைசி எபிசோடை முதலிலிருந்து போடச் சொன்னார். நான் கேட்காமலே சொல்ல ஆரம்பித்தார், அதே குரலில்.

"காதரு வாப்பா வரல. வர முடியாமப் போச்சு. காதரு அழுதான். பெறகு சாப்புட்டான், தூங்குனான். அங்கன உள்ளவுக எல்லாம் இவனப் பாத்துக்கிட்டாக. வளந்துட்டான்..."

கேமராவுக்குப் பின்னால் நான் இருந்த நிலையைச் சொல்ல வேண்டாம்.

வெளிநாட்டுப் பட விழா ஒன்றுக்கு ஆலோசனை சொல்பவர் ஜூம் காலில் சொன்னார், ஒரிஜினல் கதையைப் படத்தின் தொடக்கத்திலேயே விளக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் அங்கே பார்ப்பவர்கள் குழம்புவார்கள் என்று. அதை லாத்தாவிடம் போனில் சொன்னபோது, "அவுக கரடி அவுகளுக்கு, நம்ம கரடி நமக்கு. நீ என்னத்துக்குப் போட்டு ஒழப்பிக்கிற?" என்றார்.

நாங்கள் கடைசியாகப் பேசியது அதுதான். எடிட்டிங் முடிந்ததும் ஊரில் திரை கட்டிப் போடுவதாகச் சொல்லியிருந்தேன்... அதற்குள்...

சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்றார்கள். பஸ் பரமக்குடி தாண்டிவிட்டது. அதற்குள் போய்ச் சேர்ந்துவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன்.

அல்லாஹ் உங்கள் கப்ருக் குழியை விசாலமாக்கி வைக்கட்டும் லாத்தா. வந்துக்கிட்டே இருக்கேன்.