பத்து இலக்கமும் ஒரு கவுண்டரும்

சிம் கார்டு விற்கும் வேலையில் நாள் முழுக்க வாயில் புழங்குவது பத்து இலக்க எண்கள்தான். கடலூரில் நாலு வருஷம், சிதம்பரத்தில் மூணு வருஷம் அந்தக் கவுண்டரில் நின்றேன். "வேற நம்பர் காட்டுங்க" என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்தவர் நீங்களும் என்றால் என் பாடு புரியும். இப்போது நினைத்தால் அந்த நாட்கள் என்னவோ இனிக்கின்றன.

ஒன்பது வேண்டும்

பண்ருட்டி முந்திரி வியாபாரி ஒருவர் கடலூர் கடைக்கு வந்தார். இலக்கங்களைக் கூட்டிக்கொண்டே போனால் கடைசியில் ஒன்பது நிற்க வேண்டுமாம். ஒவ்வொரு நம்பராகக் கூட்டி எனக்குத் தலை சுற்றியது. அவரே வழி சொன்னார்: "கூட்டி ஒம்போது வர்றதெல்லாம் அடிச்சுக்கிட்டே வாங்க தம்பி. நாலும் அஞ்சும், ரெண்டும் ஏழும். ஒண்ணும் மிஞ்சலேன்னா அது ஒம்போதால வகுபடும்." பள்ளிக்கூடத்தில் ஏறாத கணக்கு அரை நிமிஷத்தில் ஏறியது. அழகாக ஒன்று எடுத்துக் கொடுத்தேன்.

ஒரு மாசத்தில் திரும்பி வந்தார். "நம்பர் நல்ல ராசிதான் தம்பி. ஆனா மச்சான் வீட்டுல அத்தனை பேரும் மனப்பாடம் பண்ணிட்டானுங்க. மறந்து போற மாதிரி ஒண்ணு குடுங்க."

விட்டுப்போன இலக்கம்

ஒரு மத்தியானம் கடலோரக் கிராமத்திலிருந்து ஒரு அக்கா ஓடிவந்தார். மாமனாரை நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். புருஷன் கேரளாவில் போட் வேலை. சாயந்திரம் கடலுக்குள் போய்விட்டால் பத்து நாள் பேச முடியாது. அலைச்சலில் அக்காவின் போன் தொலைந்துவிட்டது. புருஷன் நம்பரில் ஏழாவது இலக்கம் மட்டும் ஞாபகமில்லை. யார் போனையோ வாங்கி இரண்டு தப்பு நம்பருக்குப் போட்டுத் திட்டும் வாங்கியிருந்தார்.

"கூட்டுனா ஒம்போது வர்ற மாதிரி இங்கதான் வாங்குனாரு. அது மட்டும் தெரியும்" என்று அழுதார். மற்ற ஒன்பது இலக்கங்களைக் கூட்டினேன். நாற்பது. ஒன்பதால் வகுபட நாற்பத்தைந்து வேண்டும். அப்படியானால் விட்டுப்போனது ஐந்து. என் போனிலேயே அடித்தேன். மூணாவது ரிங்கில் ஆண் குரல் கேட்டதும் அக்கா போனைப் பிடுங்கிக்கொண்டார்.

அவர் போட்டில் ஏறவில்லை. மறுநாள் அப்பா கண் விழித்தபோது பக்கத்தில் இருந்தார். அடுத்த வாரம் ஒரு பை நிறைய வஞ்சிரத்தோடு வந்த அக்கா சொன்னார்: "ராசி நம்பருன்னு அவரு அலைஞ்சப்ப, வேற வேல இல்லையான்னு திட்டுனேன் தம்பி."

முன்னும் பின்னும் ஒன்று

சிதம்பரத்தில் ஓய்வுபெற்ற கணக்குப் பேராசிரியர் ஒருவர் வந்தார். ரிட்டயர் ஆகப்போகும் மனைவியும் கணக்கு டீச்சர். அவருக்குப் பரிசாகக் கொடுக்க, ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதனாலும் வகுபடாத பகா எண் வேண்டும் என்றார். எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒரே மாதிரி வரும் நம்பர் ஒன்றைப் பெருமையாக நீட்டினேன். பார்த்தவுடனே, "பதினொண்ணால வகுபடும்" என்றார். நம்பாமல் கால்குலேட்டரில் போட்டேன், மீதியே இல்லை. அதே ஜாதியில் இன்னொன்று எடுத்தேன், அதுவும் வகுபட்டது. பத்து இலக்கத்தில் அப்படி எது வந்தாலும் இதே கதிதானாம். ஒன்றுவிட்டு ஒன்றாகக் கூட்டினால் இரண்டு கூட்டும் சமமாக வரும் என்று விளக்கினார்.

மூணு நாள் கம்ப்யூட்டரில் தட்டித் தட்டி ஒரு பகா எண்ணைப் பிடித்துக் கொடுத்தேன். அடுத்த வாரம் டீச்சரம்மாவே கடைக்கு வந்துவிட்டார். "இவரு வகுத்துப் பாத்தாரா, இல்ல நீங்க சொன்னதை அப்படியே நம்பிட்டாரா?"

ஏழு வருஷம் ஊருக்கெல்லாம் எண் பொறுக்கிக் கொடுத்த நான், என் சொந்த நம்பரை யாராவது கேட்டால் இன்றைக்கும் போனைத் திறந்து பார்த்துத்தான் சொல்கிறேன்.