நைனாவின் காலுக்கு ஒரு கார்

வியாழக்கிழமை காலை ஆறரை மணி. திருப்பதி பேருந்து நிலையத்தில் சித்தூர் பஸ் ஏறி உட்கார்ந்தபோது என் கைப்பையில் ஓட்டுநர் உரிமத்தோடு ஓர் அளவு நாடாவும் இருந்தது. பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் விவரம் தெரிந்த ஒருவரைக் கூட அழைத்துப் போவார்கள். நான் முப்பத்தொன்பது அங்குலத்தை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். இடுப்பிலிருந்து குதிகால் வரை என் அப்பாவின் கால் அவ்வளவு நீளம்; அவரை நைனா என்றுதான் கூப்பிடுவேன்.

நகரியிலிருந்து உள்ளே ஆறு கிலோமீட்டரில் எங்கள் ஊர். கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சப் போன நைனா வரப்பில் வழுக்கி விழுந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பை முறித்துக்கொண்டார். எலும்பு முறிந்தால் எங்கள் பக்கத்தில் யாரும் யோசிப்பதில்லை, நேரே புத்தூர் எலும்பு வைத்தியரிடம்தான். தொடையிலிருந்து கணுக்கால் வரை மூங்கில் தப்பை வைத்துக் கட்டி அனுப்பினார்கள். திரும்பி வந்த இருபது கிலோமீட்டரும் ஆட்டோவில். ஒவ்வொரு வேகத்தடைக்கும் அலறியவர், நகரி தாண்டியதும் அழுதே விட்டார். ஆட்டோக்காரர் பாவம், "அழாதே தாத்தா, வந்துட்டோம்" என்று நல்ல மனதோடுதான் சொன்னார். வலியைவிட அந்த ‘அழாதே’தான் நைனாவைச் சுட்டது.

"ரெண்டாங்கட்டுக்கு நான் வரமாட்டேன். காலு கோணலா ஒட்டினா ஒட்டட்டும். எவனோ ஒருத்தன் வண்டியில குந்திக்கினு மானம் போக முடியாது."

டாக்சி பேசுகிறேன் என்றேன்.

"அதுவும் எவனோ வண்டிதானே? நீ சொந்தமா காரு எடுத்துக்கினு வா, வரேன்."

திருப்பதியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் மகள் எங்கே கார் வாங்கப் போகிறாள் என்ற தைரியத்தில் சொன்னது அது. இரண்டாம் கட்டு ஞாயிற்றுக்கிழமை. அது தவறினால் கால் நிஜமாகவே கோணலாகிவிடும் என்று கட்டுப் போட்டவர் எச்சரித்திருந்தார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

சித்தூர் எழுபது கிலோமீட்டர், டிக்கெட் நூற்றிருபது ரூபாய். பத்து மணிக்குள் பழைய கார் விற்கும் இடங்கள் இரண்டைப் பார்த்துவிட்டேன். நான் பானெட்டைத் திறக்கச் சொல்லாமல் பின்சீட்டை அளப்பதைப் பார்த்து ஒரு விற்பனையாளர், "மேடம், சீட்டுக்கு உறை தைக்கிறவங்களா?" என்று கேட்டார். இரண்டு இடங்களிலும் என் கைக்கு எட்டும் விலையில் ஒன்றும் இல்லை.

பத்தரை மணிக்கு, சித்தூரிலேயே கட்டமஞ்சியில், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவரின் வீடு. பெங்களூருக்குப் போய்விட்ட மகனின் கார் இரண்டு வருடமாக நாவல் மரத்தடியில் நின்றிருந்தது. பதிமூன்று வருடத்து வண்டி. வெள்ளை நிறமாம்; பழக்கறையில் எனக்கு ஊதாவாகத்தான் தெரிந்தது. பானெட்டைத் தூக்கினால் உள்ளே எலிக்கூடு. தேங்காய் நாரோடு கிழிந்த காகிதங்களும் கிடந்தன. ஒன்றை எடுத்துப் படித்தேன். அந்தக் காரின் சர்வீஸ் புத்தகமேதான்!

"ஏம்மா, பீரோ ஏத்திக்கினு போகவா அளக்கற?" என்றார் ஆசிரியை.

காலை ஏற்ற என்றேன். விவரம் கேட்டதும் அவர் ஐம்பதிலிருந்து நாற்பத்தைந்தாயிரத்துக்கு இறங்கினார். பின்சீட் கதவுக்குக் கதவு நாற்பத்தாறு அங்குலம். காலை நீட்டிய பிறகும் ஏழு அங்குலம் மிச்சம் என்று எனக்கு ஒரே பெருமை. அங்கேயே பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

வேலூர் சாலையில் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கும் முனிரத்தினம் வந்து கயிறு கட்டி இழுத்தார். பின்சக்கரங்கள் சுற்றவே இல்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு இரண்டு வருடம் நிறுத்தியதில் உள்ளே ஒட்டிக்கொண்டிருந்தது. சுத்தியலால் தட்டித் தட்டி விடுவித்தார். ஷெட்டுக்கு வந்ததும், எதை நம்பி இந்த வண்டியை வாங்கினேன் என்று கேட்டார். அங்குலக் கணக்கைப் பெருமையோடு சொன்னேன்.

"அக்கா, காலு மட்டுமா வருது? கூட ஆளு வரமாட்டாரா?"

எனக்குப் புரியவில்லை. அவரே பின்சீட்டில் ஏறி, கதவில் முதுகைச் சாய்த்துக் காலை நீட்டினார். முதுகும் வயிறும் பத்து அங்குலத்தை எடுத்துக்கொள்ள, பாதம் எதிர்க் கதவுக்கு வெளியே நின்றது. கண்ணாடிக் கடையில் மில்லிமீட்டர் பார்த்து அளப்பவள் நான். அப்பாவின் உடம்பை மறந்துவிட்டேன். அந்தச் சாலையோரத்தில் எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

"இன்னாக்கா இதுக்குப் போயி! இடது பக்க முன் சீட்டைக் கழட்டிட்டா ஆச்சு. பின்னால குந்திக்கினு காலை முன்னால நீட்டட்டும். சனிக்கிழமை வாங்க."

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மறுபடி சித்தூர். எலி கடித்த வயர்களை மாற்றி, கெட்டுப்போன பெட்ரோலை வடித்து, புது பேட்டரியும் பழைய டயர் இரண்டும் போட்டிருந்தார். கூலியோடு பதினாலாயிரம். முன் சீட்டின் துருப்பிடித்த போல்ட் நான்கில் ஒன்று வர மறுத்ததால் அறுத்து எடுத்தாராம். நான் முந்தின நாள் எடுத்த இன்சூரன்ஸ் காகிதத்தைக் காட்டிவிட்டுச் சாவிக்குக் கை நீட்டினேன். அவர் தரவில்லை.

"இருங்க, ஏத்திப் பாத்துடலாம்." தன் காலின் இரு பக்கமும் மரச்சட்டம் வைத்துத் துணியால் சுற்றிக் கட்டச் சொன்னார். பக்கத்து டீக்கடையிலிருந்து இரண்டு பேர் வந்து தூக்கினார்கள். முன் கதவு வழியாக முதுகை முதலில் விட்டு, பின்சீட்டுக்கு நகர்த்தி, கடைசியில் காலை உள்ளே இழுக்க வேண்டும். இரண்டு தரம் தலையில் இடித்துக்கொண்டார். மூன்றாவது தரம் சரியாக வந்தது. அதற்குள் கூட்டம் கூடிவிட்டது.

"அய்யய்யோ, இன்னா ஆச்சு? ஆஸ்பத்திரிக்கா? நேரா புத்தூருக்குப் போப்பா!"

"அங்கதான் போறேன், தள்ளு" என்று காருக்குள்ளிருந்து கத்தினார் முனிரத்தினம்.

கார்வேட்டிநகரம் வழியாக ஊர் எண்பது கிலோமீட்டர் சொச்சம். வழிநெடுக மாந்தோப்புகள். இன்ஜின் சூட்டு முள் மேலே ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்ததில் தோப்பைச் சரியாகப் பார்க்கவில்லை. இரண்டு இடத்தில் நிறுத்திச் சூடு ஆற்றினேன். மாலை நாலு மணிக்குக் காரைப் பார்த்த நைனா, "இதுவா? இதுல எலிகூட ஏறாது" என்றார். ஏறிக் குடும்பமே நடத்தியிருக்கிறது என்று நான் சொல்லவில்லை.

ஞாயிறு காலை எட்டு. சொன்ன வார்த்தையை மாற்ற முடியாமல் நைனா புது வேட்டி கட்டி உட்கார்ந்திருந்தார். எதிர்வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் தூக்க, முதல் முயற்சியிலேயே உள்ளே போய்விட்டார். காலுக்கு அடியில் இரண்டு தலையணை. ஊர் எல்லை வேகத்தடையில் நடக்கும் வேகத்துக்கு இறக்கினேன். சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தால் துண்டைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தார். இவ்வளவு பாடுபட்டும் வலியை ஒரு துளிகூடக் குறைக்க முடியவில்லையே என்று இன்னும் மெதுவாக ஓட்டினேன்.

நகரி தாண்டியதும் ஒரு பள்ளம். தெரியாமல் இறக்கிவிட்டேன். ஓரமாக நிறுத்தினேன்.

"வலிக்குதா நைனா?"

"வலிக்காம? கண்ணாடிங்கள ஏத்து பாப்பா."

நான்கு கண்ணாடிகளையும் ஏற்றினேன்.

"இப்ப போ."

அடுத்த குலுக்கலில் கத்தினார் பாருங்கள்! ரோட்டைத் திட்டினார், வரப்பைத் திட்டினார், கார் ஓட்டத் தெரியாத என்னைத் திட்டினார். பிறகு ஓவென்று அழுதார். "நம்ம வண்டி. நான் கத்துவேன், அழுவேன். எவன் கேக்கறது?" புழுக்கத்தில் எனக்கு வேர்த்து ஊற்றியது. கண்ணும் நனைந்திருந்தது. புத்தூர் எல்லை வரும்வரை அவர் அழுதார், நான் ஓட்டினேன்.

ஒன்பது மணிக்குக் கட்டுப் போடும் இடம். அதற்குள் முகத்தைத் துடைத்து மீசையை நீவிக்கொண்டிருந்தார். தூக்க வந்தவர், "வழியில வலி ரொம்ப இருந்துச்சா பெரியவரே?" என்று கேட்டார்.

"சே, தெரியவே இல்ல" என்றார் நைனா. "எம்பொண்ணு காராச்சே."