விலத்தி வைத்த சதை

இரண்டு கிழமைக்கு முந்திய ஒரு பின்னேரம். எங்கள் வீட்டு ஹோலுக்குள் நான் நாலு காலில் நின்றுகொண்டிருந்தேன். வலது கை முன்னுக்கு நீட்டியபடி... இடது கால் பின்னுக்கு நீட்டியபடி. அந்த நேரம் பார்த்துத்தானா கேற்றடியில் சைக்கிள் மணி அடிக்க வேண்டும்?

"இஞ்சேருங்கோ, குணம் அண்ணை வாறார்!" குசினிக்குள் இருந்து மனைவியின் குரல்.

வழக்கமாக என்றால் அடுத்த நிமிடம் நான் கட்டிலில் இருப்பேன். கழுத்துவரை போர்வை. முகத்தில் அளவான வேதனை.

ஏன் என்று சொல்கிறேன். இந்த முகநூல் பக்கத்தில் கொஞ்ச நாளாக என்னைக் காணவில்லையே என்று கேட்டவர்களுக்கும் இதுதான் பதில்.

யாழ்ப்பாணத்தில் ஒரு புடவைக் கடையில் நிற்கிறேன். 'நிற்கிறேன்' என்பதுதான் சரி — காலையில் இருந்து கடை பூட்டும்வரை நின்றபடியே துணி உருளைகளை இறக்குவதும் ஏற்றுவதும்தான் தொழில். இடுப்பில் டிஸ்க் ஒன்று பிதுங்கி, நரம்பை நெரித்து, கால் இழுத்து... கடைசியில் ஒப்பரேஷன்.

அதற்கு முதல்நாள் நான் வாய் திறந்து கேட்டது ஒரே கேள்வி. "டொக்டர், சதையை வெட்டுவியளோ?"

அவர் சிரித்தார். "ரிவி அன்ரனாக் கம்பம் பாத்திருக்கிறியள்தானே? சுத்திவரக் கம்பி இழுத்துக் கட்டினபடியால்தானே அது நிக்குது? முள்ளந்தண்டும் அப்பிடித்தான். இரண்டு பக்கமும் மேலையிருந்து கீழை ஓடுற நீளச் சதை, இழுகம்பி மாதிரி. அதுக்கும் உள்ளுக்கை, எலும்போடை ஒட்டினபடி சின்னச் சதையள் இருக்கு. ஒரு எலும்பை மற்ற எலும்போடை பிடிச்சு வைச்சிருக்கிறது அதுகள்தான். ஏலுமானவரை வெட்டமாட்டன், விலத்திப்போட்டு உள்ளுக்கை போவன். ஆனா விலத்தினா அது கோவிக்கும்."

"கோவிச்சா?"

"வேலை செய்யாமல் கிடக்கும். நீங்கள்தான் நடந்து நடந்து எழுப்போணும்."

ஒப்பரேஷனோடு கால் இழுப்பு நின்றுவிட்டது. நடக்க வேண்டியது மட்டும்தானே மிச்சம்? அதில் என்ன கஷ்டம்?

கஷ்டம் வந்தது — நோயாளியான என்னை வருத்தம் பார்க்க வந்தவர்களோடு!

பால்மா ரின், அப்பிள், தோடம்பழம்... அவற்றோடு வாசலிலேயே ஒரு கட்டளை: "எழும்பாதேங்கோ, படுங்கோ!" தொண்டைமானாற்றில் இருந்து வெயிலுக்குள் பஸ் ஏறி வந்த மனிதருக்கு முன்னால் நான் எப்படி உலாவித் திரிவது? நோயாளி நடந்து திரிந்தால் அந்த அப்பிளுக்கு என்ன மரியாதை? எனக்கோ மறுத்துக் கதைத்துப் பழக்கமில்லை. படுத்தேன். ஒருவர் போக, அடுத்தவர். கனடாவில் இருக்கிற மச்சான் வீடியோக் கோலில் படுக்கச் சொன்னார் — அதற்கும் படுத்தேன்!

கிளினிக்கில் பயிற்சி சொல்லித் தருகிற ஃபிசியோப் பிள்ளை முள்ளந்தண்டின் இரு பக்கமும் விரலால் அழுத்திப் பார்த்தார். முகம் மாறியது.

"ஐயா, உள்சதை இன்னும் எழும்பேல்லை. படுத்தே இருந்தியள் எண்டால் மெலிஞ்சுபோய்க் கொழுப்புப் படர்ந்திடும். பிறகு கடையிலை நாள் முழுக்க நிக்கிற கதையை மறக்க வேண்டியதுதான்."

மறப்பதா? எனக்குத் தெரிந்த ஒரே தொழில் அது.

அன்றைக்குத்தான் அந்த நாலு கால் பயிற்சியைச் சொல்லித் தந்தார்.

குணம் அண்ணை என் மனைவியின் பெரியம்மா மகன். ஆட்களைப் படுக்க வைப்பதில் மன்னன். அந்தப் பின்னேரம் அவர் உள்ளே வந்தார். நான் அசையவில்லை. வெட்கத்தில் காது சுட்டது.

"என்னடாப்பா, என்னத்தை விழுத்திப்போட்டுத் தேடுறாய்?"

"தேடேல்லை அண்ணை... சதையை எழுப்புறன்."

"உனக்கென்ன விசரே? போய்ப் படு!"

"ஏலாது அண்ணை. படுத்தா எனக்குக் கடை இல்லை."

என்னைவிட மூத்தவருக்கு 'ஏலாது' சொன்னது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. நிலத்தைப் பார்த்தபடி நின்றதால் கொஞ்சம் சுலபமாக வந்தது.

அண்ணை அப்பிள் பையை மேசையில் வைத்த சத்தம் கேட்டது.

"அப்ப... நடக்கலாமோ?"

"ஓம் அண்ணை, நடக்கத்தான் சொன்னவை."

"அப்ப எழும்பு. தெருச் சந்திமட்டும் நடந்து கதைப்பம். உதிலை இருந்தா உன்ரை மனிசியின்ரை தேத்தண்ணியை எல்லே குடிக்கோணும்!"

"எனக்குக் கேக்குது அண்ணை!" — குசினி.

நடந்தோம். அடுத்த நாள் வந்தவரையும் சந்திக்குக் கூட்டிப் போனேன். அதற்கடுத்தவரையும். இப்போது தெருவே சிரிக்கிறது... சிரிக்கட்டும்.

நேற்றுக் கிளினிக்கில் அந்தப் பிள்ளை மீண்டும் விரலால் அழுத்தினார். "ம்... மெல்ல எழும்புது ஐயா. விடாதேங்கோ. கடையைப் பற்றி அடுத்தமுறை கதைப்பம்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனை. முகத்தாட்சண்யம் எல்லாம் முகத்தோடு சரி — முதுகுக்கு அது தெரியாது!