மாடி வேண்டாம் என்ற மேயரம்மா

என் வீட்டுக்காரிக்குத் தெரு வைத்த பெயர் மேயரம்மா. தொழில் தையல். எங்கள் முன்னறையில் மெஷினைப் போட்டுக்கொண்டு பள்ளிச் சீருடை தைப்பாள். கால் ஓடுவதைவிட வாய் வேகமாக ஓடும். தெருவிளக்கு எரியவில்லையா, சாக்கடை அடைத்துக்கொண்டதா, ஊசியைத் துணியிலேயே குத்திவிட்டு நகராட்சிக்குக் கிளம்பிவிடுவாள். அவள் தலை தெரிந்தாலே கிளார்க்குகள் டீ குடிக்கப் போய்விடுவார்கள் என்று கேலி பேசுவார்கள். நான் பஸ் ஓட்டி ரிட்டயரானவன். இந்த வீட்டில் ஹாரன் அடிக்கக்கூட எனக்கு முறை வந்ததில்லை. அவளை நினைத்து எனக்குப் பெருமைதான், பொய் சொல்வானேன்.

நகரத்தின் மாஸ்டர் பிளானைத் திருத்தப் போவதாக நோட்டீஸ் வந்தது. அடுத்த இருபது வருஷத்துக்கு எங்கே வீடு, எங்கே கடை, எங்கே பட்டறை என்று தீர்மானிக்கிற வரைபடம் அது. மக்களிடம் கேட்டுத்தான் முடிவு செய்வோம் என்றார்கள். எங்கள் தெருவில் இதுவரை மாடி கட்டக் கூடாது. இனிமேல் மூன்று மாடி வரை கட்டலாம், வாடகைக் குடியிருப்புகள் வரலாம் என்பது புது யோசனை.

மேயரம்மா கொதித்துவிட்டாள். மெஷினுக்கு உறை போட்டு மூடிவிட்டு வீடு வீடாக ஏறி இறங்கினாள். "தண்ணி பத்தாது, வண்டி நிறுத்த இடம் இருக்காது, கண்டவனும் மாடியிலிருந்து நம்ம கொல்லைய எட்டிப் பாப்பான்" என்று சொல்லிச் சொல்லியே எல்லோரையும் உசுப்பிவிட்டாள். மருந்துக்கடைக்காரர் ஒருத்தர்தான், "நாலு வீடு வந்தா எனக்கு நாலு வியாபாரம் ஆகும்ல" என்று இழுத்தார். அவள் கொடுத்த பதிலில் அவரும் இந்தப் பக்கம் வந்துவிட்டார்.

கூட்டம் பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. மேஜைகளை ஒட்டிப் போட்டு வரைபடத்தை விரித்திருந்தார்கள். திட்ட அதிகாரி ஓர் இளம்பெண், பொறுமைசாலி. யார் வேண்டுமானாலும் பேசலாம் என்று மைக்கை நீட்டினாள். எங்களவள் அதை வாங்கிய வேகத்தைப் பார்க்க வேண்டுமே.

"வாடகைக்கு வர்றவங்களுக்கு இந்தத் தெரு மேல என்னங்க பாசம் இருக்கும்? இன்னைக்கு வருவாங்க, நாளைக்கு மூட்டையக் கட்டுவாங்க. குப்பைய எங்க போடணும்னுகூடத் தெரியாது. சொந்த வீடு இல்லாதவங்களுக்காக நாங்க ஏன் கஷ்டப்படணும்?"

கூடம் சிரித்தது, கை தட்டியது. எல்லோரையும்விட பலமாகத் தட்டியது நான்தான்.

அதிகாரி சுற்றிலும் பார்த்து, "வாடகை வீட்டுல இருக்கறவங்க யாராவது பேசறீங்களா?" என்று கேட்டாள். பின்வரிசையில் ஒருத்தி எழுந்தாள். எங்கள் ஒரே மகள். அவள் வந்திருந்ததே எங்களுக்குத் தெரியாது. மைக்கை வாங்காமலேயே பேசினாள்.

"கல்யாணம் ஆனதிலிருந்து நான் வாடகை வீட்டுலதான் இருக்கேன். குப்பைய எங்க போடணும்னு எங்கம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்துத்தான் வளத்தாங்க."

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டாள். எங்களைத் தெரிந்தவர்கள் எல்லோரும் எங்களைத்தான் பார்த்தார்கள். தட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரியின் முகத்தில் ஈயாடவில்லை.

அன்று சாயங்காலமே மகள் வீட்டுக்கு ஓடினோம். கூடமெல்லாம் அட்டைப்பெட்டி. வீட்டுச் சொந்தக்காரர் விற்கப் போகிறார், காலி செய்யச் சொல்லிவிட்டார். பக்கத்தில் எங்கேயும் அவர்களுக்குக் கட்டுப்படியாகிற வீடு இல்லை. அம்மா தெருவில் வாடகை வீடுகள் வருமா, எப்போது வரும் என்று கேட்கத்தான் கூட்டத்துக்கு வந்திருக்கிறாள்.

"எங்ககிட்ட சொல்லியிருக்கலாமேடி."

"சொல்லலாம்னுதாம்மா இருந்தேன். நீங்க மைக்கப் பிடிச்சிட்டீங்க."

எங்கள் வீட்டுக்குத் திரும்பினோம். வாசலுக்கு வந்ததும் என் வீட்டுக்காரி, "ஏங்க, நம்ம வீட்டு மேல ரெண்டு ரூம் எழுப்பி அவங்கள இங்கயே வச்சுக்கலாங்க" என்றாள். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. பாருங்கள், இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை! மறுநாள் நகராட்சிக்குப் போய்க் கேட்டோம். அந்த அதிகாரி சங்கடத்தோடு சொன்னாள்: "உங்க தெருவில மாடி வேண்டாம்னு எல்லாரும் ஒரே குரலாச் சொல்லிட்டீங்களேம்மா. அப்படியே வரைஞ்சாச்சு. ஆட்சேபணை இருந்தா கடைசிக் கூட்டத்துல சொல்லுங்க."

மேயரம்மா நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல நின்றாள். அந்த அலுவலகத்தில் அவள் குரல் உயராத நாள் அது ஒன்றுதான்.

கடைசிக் கூட்டம் வருவதற்குள் மகள் சாமானை ஏற்றிக்கொண்டு, இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்துக்குக் குடிபோய்விட்டாள். ஆனாலும் மேயரம்மா என்னோடு கூட்டத்துக்குப் போனாள். எழுந்து நின்று, மாடி கட்ட விடுங்கள், வாடகைக்காரர்களும் வரட்டும் என்றாள். உடனே மருந்துக்கடைக்காரர் பிடித்துக்கொண்டார்.

"என்ன மேயரம்மா, பல்டி அடிக்கிறீங்க? வீடு வீடா வந்து எங்க மனச மாத்தினதே நீங்கதானே! இப்ப உங்க பொண்ணுக்கு வீடு வேணும், அதானே?"

ஏதாவது சொல்லிச் சமாளிப்பாள் என்று எதிர்பார்த்தேன். தண்ணீர், வண்டி, நகர வளர்ச்சி என்று அவளுக்குச் சொல்லத் தெரியாததா?

"ஆமாங்க, என் பொண்ணுக்காகத்தான்" என்றாள். "அடுத்தவங்க பொண்ணா இருந்தா இன்னைக்கு வாயே திறந்திருக்க மாட்டேன். எனக்கே கேவலமாத்தான் இருக்கு. இருந்தாலும் மாடி வேணும்."

யாரும் சிரிக்கவில்லை, தட்டவும் இல்லை. அதிகாரி, தெருவில் வேறு யாருக்காவது இதே கருத்தா என்று கேட்டாள். நான் கை தூக்கினேன். திரும்பிப் பார்த்தேன். அவள் திரட்டிய சனம் அத்தனையும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. யார் மேல் கோபப்படுவது? அவர்களுக்குப் பாடம் சொன்னவளே பக்கத்தில் நிற்கிறாள். எங்கள் தெரு பழையபடியே இருக்கும், அடுத்த திருத்தம் இருபது வருஷம் கழித்துத்தான் என்று எழுதிக்கொண்டார்கள்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம், மகள் வீட்டுக்குப் போக.

"அவகிட்ட என்னங்க சொல்றது?"

"அவளுக்காகப் பேசினேன்னு சொல்லு."

"'அன்னைக்கே நல்லாப் பேசிட்டீங்களேம்மா'ன்னு சொல்லுவா."

அப்படித்தான் சொல்வாள், என் மகளை எனக்குத் தெரியும். பஸ் வந்தது. இடம் இருந்தும் என் வீட்டுக்காரி உட்காராமல் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.