விலாங்கின் நிரந்தர முகவரி

ஸ்கூட்டர் பழுது பார்க்கும் பொரோய்தி மாமாவுக்கு வம்சப் பாட்டை நடுவிலிருந்து தொடங்கத் தெரியாது. அப்பா பெயரைக் கேட்டால்கூட, இருளிலிருந்து உலகம் பிறந்த இடத்தில்தான் ஆரம்பிப்பார்.

எங்கள் தீவின் நில நீதிமன்றத்திலும் அப்படித்தான் ஆரம்பித்தார். அவர் பட்டறை நிற்கும் கடலோர நிலம், குடும்ப வழக்கப்படி, மூத்த மகன் வழிக்குச் சேரும். பழைய பதிவேட்டைப் புயல் கொண்டுபோய்விட்டது; இனி வம்சப் பாட்டுதான் சாட்சி. தன் அப்பாதான் மூத்தவர் என்று பங்காளி மாதாரா வழக்குப் போட்டிருந்தார்.

சாட்சியம் எழுதியது நான். குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கிடைத்த எழுத்தர் வேலை. இருவருமே எனக்கு மாமா முறை. அப்படி இல்லாத எழுத்தர் இந்தத் தீவில் கிடைக்க மாட்டார்.

மாமாவின் பாட்டிலே எங்கள் ஆதிப் பாட்டி ஈனா குளத்தில் குளித்தாள். விலாங்கு மீன் ஒன்று ஆணாக மாறி அவளோடு வாழ்ந்தது. அதன் தலையை வெட்டிப் புதைத்த இடத்தில் முதல் தென்னை முளைத்தது.

"இருங்க மாமா. விலாங்கோட முகவரி?" என்று படிவத்தைப் பார்த்துக் கேட்டேன்.

"குளம்."

"நிரந்தர முகவரியா?"

"தலை போனப்புறம் தென்னை."

நீதிபதி தலையசைத்தார். எழுதினேன்.

"விலாங்குக்கு ஏது நிலம்? தண்ணிதானே!" என்று கத்தினார் மாதாரா.

"உனக்கும் அதுதாண்டா பாட்டன். வழுக்கற புத்தி வேற எங்கேர்ந்து வந்துச்சு?"

முப்பது தலைமுறை தடையில்லாமல் ஓடியது. "அண்ணன்..." என்று தன் அப்பாவின் தலைமுறைக்கு வந்ததும் மாமா நின்றுவிட்டார்.

வம்சப் பாட்டு பாதியில் நின்றால் கேட்டவர்களில் ஒருவர் அடுத்த பௌர்ணமிக்குள் சாவார். பெயரை மாற்றிப் பாடினால் பாடியவர் நாக்கு அழுகும். எங்கள் பாதிரியாருக்கே இதில் சந்தேகமில்லை. நான் வாங்கிய பட்டமும் உதவவில்லை. மேசைக்காலை இறுகப் பிடித்துக்கொண்டேன். மாதாராவுக்கு ஏற்கெனவே நெஞ்சுவலி உண்டு. பொறுத்துப் பார்த்தார். எழுந்து பாடியேவிட்டார்:

"அண்ணன் உரிரா, தம்பி கெவே!"

கெவே மாதாராவின் அப்பா.

நிலம் பொரோய்தி மாமாவுக்கு என்று தீர்ப்பானது. எப்பேர்ப்பட்ட தந்திரம் என்று தீவே மெச்சியது. மறுநாள் நான் பட்டறையில் இருந்தபோது மாதாரா ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"திருட்டு விலாங்கே, பிரேக்கைப் பாரு."

மாமா சிரித்து வைத்தார். மாதாரா போனதும் என்னிடம் மெல்லச் சொன்னார்: "நெசமாவே மறந்துட்டேம்மா. எங்கப்பன் பேரு. நீ எழுதின தாள் இருக்கா? படி."

"எங்கேர்ந்து மாமா?"

ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு என்னை முறைத்தார். இருளிலிருந்து ஆரம்பித்தேன்.